பரிசிலும் வழிகாட்டலும்: இலண்டன் இசைக்கலைஞர் எம்.ஐ.ஏ.யின் சுயாதீனம் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

புலம்பெயர் தமிழரின் இசை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மரபுக் காப்பைப் பற்றியே பேசி வந்துள்ளன. இலண்டனை எடுத்துக்கொண்டால், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், கருநாடக இசை வகுப்புகள், அரங்கேற்றங்கள், கோயில் திருவிழாக்கள் ஆகியனவே ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. அவை பெறவேண்டிய கவனமே அது. ஆயினும் இவ்வட்டத்திற்கு வெளியே, பிரித்தானிய இசைச் சந்தையின் நடுவிலே நின்று, தம் பெயரையே முதலாகக் கொண்டு தொழில் நடத்திய தமிழ்க் கலைஞர் ஒருவரைப் பற்றித் தமிழில் திறனாய்வு நோக்கில் எழுதப்பட்டவை மிகச் சில. எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் அவர்களே அக்கலைஞர்.

இவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் இவரைப் பெருநிறுவனங்களுக்கு அடங்காத சுயாதீனக் கலைஞர் என்பர். மற்றொரு சாரார், ஏதிலியர் துயரைப் பாடிப் பொருளீட்டியவர் என்பர். இருசாராரும் சுயாதீனம் என்பதைச் சந்தையிலிருந்து விலகி நிற்றல் என்றே பொருள் கொள்கின்றனர். அப்பொருள் பொருந்தாது என்பதும், கலைஞருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை அளக்கத் தமிழ் மரபிலேயே நுட்பமான அளவுகோல்கள் உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அவ்வளவுகோல்களைக் கொண்டு மாயாவின் இசையையும் தொழில்முனைவையும் மதிப்பிடுவதே இதன் நோக்கம்.

2. அளவுகோல்கள்

சங்க இலக்கியத்தில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் புரவலரை நாடி வாழ்ந்தவர்கள். பரிசில் பெறுவது அவர்களுக்கு இழுக்கன்று; பெறும் முறையே கருத்திற் கொள்ளப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனார், தம்மை நேரிற் காணாமல் அனுப்பப்பட்ட பரிசிலை ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. பரிசிலின் அளவு அங்கே குறையன்று. தம்மைக் கண்டு, தம் கல்வியை உணர்ந்து அளிக்கப்படாத பொருள், பொருளாக மட்டுமே எஞ்சும் என்பதே புலவரின் மறுப்பு. ஆகவே முதல் அளவுகோல் இது: பொருள் தருவோர் கலைஞரைக் கண்டனரா?

இரண்டாம் அளவுகோல் ஆற்றுப்படை தருவது. பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞருக்குத் தாம் சென்ற வழியைக் கூறி ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஒரு துறையாகவே வகுத்துள்ளது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பெற்ற வளம் தம்மோடு நின்றுவிடக்கூடாது என்னும் தொழிலறம் இவ்விலக்கிய வகையின் உள்ளே இருக்கிறது. ஆகவே இரண்டாம் வினா: வழி கண்ட கலைஞர் பிறருக்கு அவ்வழியைக் காட்டினாரா?

பழைய புரவலர் முறையும் இன்றைய பதிவு நிறுவன முறையும் ஒன்றல்ல. புரவலர் பாடலின் உடைமையைக் கோரியதில்லை. நிறுவனம் ஒலிப்பதிவின் உடைமையைக் கோருகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்கண்ட அளவுகோல்கள் இங்கு பயன்படுத்தப்படுகின்றன.

3. தொடக்கம்: இடமும் கருவியும்

மாயா 1975இல் மேற்கு இலண்டனில் உள்ள ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். தந்தையார் ஈரோஸ் அமைப்பின் நிறுவுநர்களில் ஒருவராக அறியப்பட்டவர். அருளர் என்பது அவரது இயக்கப் பெயர். குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் கழித்த மாயா, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் ஏதிலியாக இலண்டன் மீண்டார். தென்மேற்கு இலண்டனில் மிச்சம் பகுதியின் அரசு குடியிருப்பொன்றில் வளர்ந்தார். வீட்டிலிருந்த வானொலி திருடுபோன பின்னர் அயல்வீட்டிலிருந்து கேட்ட ஹிப்ஹாப் இசையே தம் செவியைத் திறந்தது என்று அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

இசைப் பயிற்சி எதுவுமின்றி, செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்றவர் இவர். எலாஸ்டிகா குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு அட்டைப்படம் வரைந்தார். அக்குழுவின் பயணத்தைப் படம்பிடித்தார். அப்பயணத்தில் ரோலண்ட் எம்சி-505 என்னும் தாளக்கருவி அவருக்கு அறிமுகமானது. தனியொருவர் ஒரு சிற்றறையில் இருந்தபடியே தாளமும் அடிநாதமும் அமைத்துக்கொள்ள உதவும் பெட்டி அது. முதற்பாடலான 'கலாங்' 2003இல் ஒரு சிறு நிறுவனத்தால் ஐந்நூறு இசைத்தட்டுகளாக மட்டுமே வெளியிடப்பட்டது. பின்னர் இலண்டனின் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்ய, 2005இல் 'அருளர்' தொகுப்பு வெளிவந்து அவ்வாண்டின் மெர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தொடக்கத்தில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாடல், அட்டைப்படம், ஆடை, காணொளி ஆகிய நான்கிலும் அவரது கை இருந்தது. இலண்டனின் தெற்காசிய இசைக்கு முன்னோடிகள் இருந்தனர். 1988இல் தொடங்கப்பட்ட நேஷன் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும், 1999இல் மெர்க்குரிப் பரிசு வென்ற தல்வின் சிங்கும் அவ்வழியை அமைத்தவர்கள். ஆயினும் அவர்களது முயற்சிகள் ஒரு குழுவின் அல்லது ஓர் இரவுக் கூடத்தின் பெயரால் அறியப்பட்டன. மாயாவோ தம் குடும்பத்தையே பெயர்ப்பலகையாக்கினார். முதல் தொகுப்பு தந்தையின் இயக்கப் பெயர். இரண்டாவதான 'கலா' தாயின் பெயர். மூன்றாவதும் நான்காவதும் 'மாயா', 'மாதங்கி' எனத் தம் பெயர்களே. எம்.ஐ.ஏ. என்பதோ போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் படைத்துறைக் குறி. காணாமற்போதலையே விற்பனைப் பெயராகக் கொண்டவர் காணப்படுதலைக் கோருகிறார் என்பதே இவரது கலையின் அடிப்படை முரண்.

4. காணப்படும் உரிமை

முதல் அளவுகோலுக்கு வருவோம். இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவில் பதிவு செய்யும் திட்டம், 2006இல் நுழைவிசைவு கிடைப்பதில் ஏற்பட்ட தடையால் தடைப்பட்டது. அதனால் அவர் சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல இடங்களில் பதிவு செய்தார். 2007இல் வெளிவந்த 'கலா' அவ்வாறு உருவானதே. அதன் புகழ்பெற்ற பாடலான 'பேப்பர் பிளேன்ஸ்' நுழைவிசைவுச் சிக்கலையே கருவாகக் கொண்டது. அதன் பல்லவியில் துப்பாக்கி வெடியும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாக அமைகின்றன. வந்தேறிகள் பொருளைக் கவரவே வருகின்றனர் என்னும் ஐயத்தை அவ்வோசைகள் நையாண்டி செய்கின்றன. அதே பாடல் 2008இல் ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்று, பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்தை அடைந்து, கிராமியின் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பணப்பெட்டியை எள்ளிய பாடலே பணப்பெட்டியை நிறைத்தது. இதனைப் போலித்தனம் என்பது எளிது. ஆனால் பாடல் தன் கேட்போரையும் அந்த எள்ளலுக்குள் இழுத்துக்கொள்கிறது. வாங்குபவரும் அப்பணப்பெட்டியின் ஒரு பகுதியே. சந்தையின் உள்ளே நின்று சந்தையைக் காட்டும் இவ்வுத்தி வெளியே நிற்பவர்க்கு வாய்ப்பதன்று.

நிறுவனங்களோடு அவர் நடத்திய வழக்காடலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 2010இன் இறுதி நாளில் 'விக்கி லீக்ஸ்' என்னும் கலவைத் தொகுப்பை இணையத்தில் விலையின்றி வெளியிட்டார். 2013இல் 'மாதங்கி' வெளியீட்டை இண்டர்ஸ்கோப் நிறுவனம் தாழ்த்தியபோது, தாமே அதனைக் கசியவிடப்போவதாகப் பொதுவில் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் தொகுப்பு வெளிவந்தது. பரிசிலை மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதைக் காட்டியே பரிசிலின் முறையை மாற்ற முயன்றார் எனலாம்.

ஆடைத் தொழிலிலும் இதே தருக்கம் ஒரு முறை சிறப்பாகச் செயற்பட்டது. 2013இல் வெர்சாச்சே நிறுவனத்தின் வெர்சஸ் பிரிவுக்காக அவர் வடிவமைத்த தொகுதி, இலண்டன் சந்தைகளில் விற்கப்பட்ட அந்நிறுவனத்தின் போலி ஆடைகளையே மூலமாகக் கொண்டது. மூல நிறுவனம், தன்னைப் படியெடுத்த ஏழைச் சந்தையைத் தானே படியெடுக்க வேண்டியதாயிற்று. இங்கே பொருள் தருவோர் கலைஞரை மட்டுமன்றி, அவர் வளர்ந்த தெருவையும் கண்டனர்.

2016இல் எச்அண்டும் நிறுவனத்தின் ஆடை மறுசுழற்சிப் பரப்புரைக்காக அவர் பாடிய காணொளியை இவ்வாறு கூற இயலாது. பேரளவில் மலிவாடை உற்பத்தி செய்யும் நிறுவனத்திற்கு அப்பாடல் நற்பெயர் ஈட்டித் தந்ததேயன்றி, அதன் உற்பத்தி முறையைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. வெர்சஸ் தொகுதியில் நிறுவனம் அவரது பார்வைக்குள் வந்தது. இங்கே அவர் நிறுவனத்தின் விளம்பரத்திற்குள் சென்றார். கலைஞரும் நிறுவனமும் ஒப்பந்தமும் ஒத்த தன்மையினவாக இருப்பினும், காணுதல் நிகழ்ந்ததா என்னும் வினா இரண்டையும் வேறுபடுத்திவிடுகிறது.

5. உண்மைத்தன்மை என்னும் வினா

2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்று அவரது வளமான வாழ்வையும் அரசியற் பேச்சையும் எதிரெதிரே நிறுத்தியது. அதன் உட்கிடை, துயரைப் பேசுபவர் துயரிலேயே இருக்க வேண்டும் என்பது. இவ்வெதிர்பார்ப்பு வெள்ளை ராக் இசைக்கலைஞர் மீது இவ்வளவு கடுமையாக விதிக்கப்படுவதில்லை. ஏதிலி என்பது பிறவிக் குணமன்று. ஒரு காலத்து நிலை. அந்நிலையிலிருந்து நீங்கியவர் அதனைப் பற்றிப் பேசும் தகுதியை இழப்பார் எனின், நீங்காதவர்க்கோ பேசும் மேடை கிடைப்பதில்லை. ஆக யாருமே பேச இயலாது. 2009இன் தொடக்கத்தில், வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆஸ்கர், கிராமிப் பரிந்துரைகளால் கிட்டிய கவனத்தை அவர் ஈழத்தமிழர் நிலையை அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூறப் பயன்படுத்தினார். வளமான நிலையே அவ்வாய்ப்பைத் தந்தது.

தமிழர் தரப்பிலும் ஓர் ஐயம் உண்டு: ஆங்கிலத்தில் பாடுபவரைத் தமிழ்க் கலைஞர் எனக் கொள்வதா? இதற்கு விடை 'பேர்ட் ஃப்ளூ' பாடலின் ஒலியமைப்பில் உள்ளது. மேலைச் சந்தைக்கான பாடல்களில் கீழை இசைக்கருவி பெரும்பாலும் நறுமணப் பொருள்போல் மேலே தூவப்படும். இப்பாடலிலோ சென்னையில் பதிவான உறுமியே பாடலின் உடல். இழுத்துத் தேய்க்கும் கோலால் உறுமி எழுப்பும் கரகரத்த முனகலுக்குக் கீழே மேலைச் சுரக்கோவை எதுவும் வைக்கப்படவில்லை. கோழிகளின் கூச்சலும் சிறாரின் ஆரவாரமும் அதனோடு மோதுகின்றன. குரல், தாளத்தின் இடைவெளிகளில் புகுந்து வெளியேறுகிறது. கேட்போரின் வசதிக்காக உறுமி தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலமே உறுமியின் நடைக்கு இசைந்து கொடுக்கிறது. சிறுதெய்வ வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் ஒலிப்பதும், மலேசிய, சிங்கப்பூர்த் தைப்பூசங்களில் புதுவாழ்வு பெற்றதுமான இக்கருவி, செவ்வியல் மேடைகளில் பெறாத இடத்தைப் பிரித்தானியப் பாடலொன்றில் பெற்றது. தமிழ்த்தன்மை பாடற்சொல்லில் மட்டும் இல்லை.

6. வழி காட்டப்பட்டதா?

இரண்டாம் அளவுகோலில் மதிப்பீடு சிக்கலாகிறது. 2008இல் மாயா இண்டர்ஸ்கோப்பின் கீழ் என்.ஈ.ஈ.டி. ரெக்கார்டிங்ஸ் என்னும் துணை நிறுவனத்தைத் தொடங்கினார். பிரித்தானிய அரசு வழக்கில் கல்வியிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லாத இளையோரைக் குறிக்கும் சுருக்கமும் இதே எழுத்துகள்தாம். பால்டிமோர் நகரத்து இளம் பாடகி ரை ரையையும், ஸ்லே பெல்ஸ் இருவர் குழுவையும் அது வெளிக்கொணர்ந்தது. இது தெளிவான ஆற்றுப்படுத்தல். ஆனால் துணை நிறுவனத்தின் கதவு பெருநிறுவனத்தின் வாயிலுக்குள்ளேயே திறந்தது. ரை ரையின் முதல் முழுத்தொகுப்பு 2012இல்தான் வெளிவர முடிந்தது. வழி காட்டுபவரிடம் வழியின் சாவி இல்லை. 2017இல் இலண்டன் சவுத்பேங்க் மையத்தின் மெல்ட்டவுன் விழாவை அவர் தொகுத்தளித்ததும் இவ்வழியில் ஒரு பேறு; ஆயினும் விழா பத்து நாளில் முடிந்துவிடும், பதிவுரிமை நிலைத்திருக்கும்.

ஆகவே வினா பதிவுரிமைக்குத் திரும்புகிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் இசைத்துணுக்கின்மேல் கட்டப்பட்டது. அதனால் அக்குழுவினர் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெற்று, அதன் வருவாயில் பங்கு பெறுகின்றனர். இது முறையே. ஆனால் உறுமிக் கலைஞரின் கை அதே தொகுப்பில் மற்றொரு பாடலின் முதுகெலும்பாக நின்றபோதும், பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு. யாரோ ஒருவர் பெயரில் பதிவான மெட்டு 'படைப்பு'. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தாளக்கட்டு பொதுச்சொத்து. அதனை வாசிப்பவர் படைப்பாளர் அல்லர், 'நிகழ்த்துநர்'. நிகழ்த்துநர் பொதுவாக ஒரு நாள் ஊதியத்தோடு விடைபெறுபவர். இந்தியாவில் நிகழ்த்துநர்க்கு வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு என்பது 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தாலேயே தெளிவாக்கப்பட்டது. 'கலா' வெளிவந்து அப்போது ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

இது ஒரு கலைஞரின் குற்றமன்று, இசைத்தொழிலின் அமைப்பு. எனினும் சுயாதீனத்தை முழக்கமாகக் கொண்ட தொழில்முனைவர் சட்டத்தின் குறைந்த அளவோடு நிற்க வேண்டுவதில்லை. தாளக்கட்டைத் தந்த குழுவைப் பாடலாசிரியர் வரிசையில் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. ஒருவரின் சுயாதீனம் எத்தனை பேரின் பெயரின்மை மீது நிற்கிறது என்னும் கேள்வியைச் சுயாதீனக் கலை குறித்த எந்தத் திறனாய்வும் தவிர்க்கலாகாது.

7. முழு உடைமைக்குப் பின்

அண்மைக் காலத்தில் மாயா இடைத்தரகரைக் குறைக்கும் வழிகளை நாடியுள்ளார். 2020இல் சுவைஞர்கள் மாதந்தோறும் நேரடியாகப் பொருள் அளிக்கும் பேட்ரியான் தளத்தில் இணைந்தார். 2022இல் 'மாதா' தொகுப்பை ஐலண்டு நிறுவனம் வழியாக வெளியிட்டார். 2024இல் ஓம்னி என்னும் சொந்த ஆடைப் பெயரை அறிமுகப்படுத்தினார். நிறுவனத்தின் தாழ்த்தலும் தணிக்கையும் இல்லாத இடம் இது. ஆனால் இங்கே வேறோர் இடர் எழுகிறது. கைப்பேசி அலைகளைத் தடுக்கும் என்று கூறி அவ்வாடைகள் விற்கப்படுகின்றன. அன்றாட அளவிலான அவ்வலைகளால் உடல்நலத் தீங்கு நிறுவப்படவில்லை என்பதே உலக நல்வாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. முன்பு அதிகாரத்தின் மீது ஐயம் எழுப்பிய குரல், இப்போது அந்த ஐயத்தையே சரக்காக்குகிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' அச்சத்தை நகைத்தது. இவ்வாடை அச்சத்தை நாடி நிற்கிறது. உடைமை முழுதும் கைக்கு வந்ததனால் மட்டும் உண்மைத்தன்மை வந்துவிடாது என்பதற்கு இது சான்று. கேட்டு மறுத்துரைக்கும் தோழர் இல்லாத சுயாதீனம் தன்னையே எதிரொலித்துக்கொள்ளும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. சுயாதீனம் என்பது சந்தையிலிருந்து விலகுதலன்று. பொருள் தருவோர் தம்மைக் காணுமாறு செய்யும் ஆற்றலும், தாம் கண்ட வழியைப் பிறர்க்கு உரிமையாக்கும் பண்புமே ஆகும். முதலாவதில் மாயாவின் சாதனை பெரிது. இரண்டாவதில் அது குறைபட்டது. அக்குறையின் பெரும்பங்கு அவர் இயங்கிய தொழில் அமைப்பினுடையது.

இக்குறை நீங்கும் வழியை அவரது வாழ்வே ஒருமுறை காட்டியுள்ளது. 2019இல் பிரித்தானிய அரசின் எம்பிஇ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய பதக்கங்களின் துணியைக் குறைந்த கூலிக்குப் பல்லாண்டுகள் கையால் தைத்த பெண்களுள் ஒருவர் தம் தாய் என்றும், அவரைச் சிறப்பிக்கவே விருதை ஏற்பதாகவும் அவர் தெரிவித்தார். அரண்மனையில் அணிவிக்கப்படும் பதக்கத்தில் தைத்தவரின் பெயர் இராது. அப்பெயரை அவர் பொதுவில் சொன்னார். பெருஞ்சித்திரனார் கோரிய காணுதலும் ஆற்றுப்படை கோரிய பகிர்தலும் அச்செயலில் ஒன்றாயின. பதக்கத்தின் நூலுக்குப் பொருந்திய அந்த அறம் பாடலின் உறுமிக்கும் பொருந்தும். புலம்பெயர் தமிழ்க் கலைஞரின் அடுத்த தலைமுறை இசை நிறுவனங்களைத் தொடங்கும்போது, தம் முதல் ஒப்பந்தத்தாளில் எழுதத்தக்கது அவ்வறமே. தமிழியல் ஆய்வும் பாடுபவரோடு நின்றுவிடாமல், பக்கத்தில் நின்று வாசித்தவரின் பெயரையும் பதிவு செய்யும் கடமை உடையது.